முள்ளந்தண்டின் பக்கவளைவும் அதன் சிகிச்சையும்

இங்கிலாந்திலுள்ள லீஸ்ரர் நகரில், மோட்டார் வண்டிகள் நிறுத்தப்படும் ஒரு முற்றத்தின் கீழிருந்து, 2012ஆம் ஆண்டு ஒரு மனிதனின் என்புக்கூடு அகழ்ந்தெடுக்கப்பெற்றது. முற்காலத்தில் துறவியர் மடம் ஒன்று அவ்விடத்தில் இருந்தது. தலையோட்டிலே போர்க்காயங்களின் வடுக்கள் காணப்பட்டன. பெண்வழி வந்த உறவினரின் மரபணுக்களோடு ஒப்புநோக்கிய பின்னர், அது 1485ஆம் ஆண்டு பொஸ்வேத் போர்க்களத்தில், தனது 32ஆம் வயதில் மடிந்த மூன்றாம் றிச்சட் மன்னனின் உடலே என 2013ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அறிவிக்கப்பட்டது. கண்டோர் யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது அம்மன்னனின் முள்ளந்தண்டாகும். மண்ணிற் கிடந்தவாறே அது வில்லைப் போல் ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

ஷேக்ஸ்பியரின் நாடகத்தைக் கற்றோர் றிச்சட்டை நன்கு அறிவர். முதுகிற் கூனும், சூம்பிய கையும், நொண்டும் காலும் உடையவனாக, உடலின் கோணலுக்கு ஏற்ற உள்ளக் கோணலும் உடையவனாக அம்மன்னன் அரங்கிலே தோன்றுகிறான். என்புகளோ வேறு கதை கூறின. கை சூம்பியதற்கோ கால் நொண்டியதற்கோ சான்றில்லை. முன்புறமாகக் குனிந்த கூனும் இல்லை. இருந்தது, மார்புப் பகுதியில் வலப்புறம் நோக்கிய ஒரு வளைவு. உயிரோடிருந்த காலத்தில் அதன் அளவு 65 முதல் 85 பாகை வரை இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கணித்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிறவியிலேயே உருக்குலைந்த என்புகள் எவையும் காணப்படாமையால், பத்து வயதின் பின்னர், வளரும் பருவத்திலேயே அவ்வளைவு தோன்றியிருத்தல் வேண்டும் எனவும் அவர்கள் முடிவு செய்தனர். வலத் தோள் சிறிது உயர்ந்தும், கைகால்களோடு ஒப்பிடுமிடத்து உடல் சிறிது குறுகியும் இருந்திருக்கும். நன்கு தைத்த ஓர் உடையும் கவசமும் அதனை மறைத்திருக்கும். குதிரையேறிப் போர் புரிவதற்கு அது தடையாகவும் இருக்கவில்லை.

இத்தகைய வளைவினையே வைத்திய நூலார் 'ஸ்கோலியோசிஸ்' என்பர். கோணல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது இப்பெயர். முன்புறம் குனியும் கூனையும், இடுப்பு உட்குழிதலையும், பக்கமாக வளைதலையும் வெவ்வேறு பெயரிட்டுப் பிரித்துரைத்த பெருமை இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலென் என்னும் வைத்தியருக்கு உரியதாகக் கூறப்படும். தமிழ் வழக்கிலோ இவை யாவும் 'கூன்' என்ற ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. கம்பர் காட்டும் மந்தரையும் கூனி. சம்பந்தர் அருளால் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் எனப் பெயர் பெற்ற பாண்டியனும் முன்னர்க் கூன் பாண்டியன். இவர்களது வளைவு எவ்வகையினது என்று வினாவுவது புராணத்தின் நோக்கத்துக்குப் புறம்பானது. ஆயினும் ஒரு சிறுமியின் முதுகைப் பார்த்து 'கூன் விழுகிறது' என வீட்டார் கூறும்போது, அஃது எந்த வளைவு என அறிவது இன்றியமையாதது. ஏனெனில் ஒன்றின் காரணமும் சிகிச்சையும் மற்றொன்றினுடையவை அல்ல.

முள்ளந்தண்டு ஒரே கோலன்று. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என அசையத்தக்க 24 முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று, இடையிடையே மெத்தை போன்ற தட்டுக்களால் தாங்கப்பெற்று நிற்கின்றன. இவற்றின் கீழே ஒன்றோடொன்று பொருந்திய திருவென்பும் வாலென்பும் உள. இவ்வடுக்கின் நடுவே செல்லும் குழாயினுள் முண்ணாண் எனப்படும் நரம்புவடம் இறங்குகின்றது. பக்கவாட்டில் நின்று நோக்கின் இத்தண்டு இயல்பாகவே முன்னும் பின்னுமாக வளைந்திருப்பதைக் காணலாம்; நடக்கும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்குவது அவ்வளைவுகளின் பயன். பின்னால் நின்று நோக்கும்போது மட்டும் அது தூக்குநூல் விட்டாற் போல நேராக இருத்தல் வேண்டும். அவ்வாறின்றி 10 பாகையோ அதற்கு மேலோ பக்கமாக வளையுமாயின் அது பக்கவளைவு எனப்படும். அதற்குக் குறைந்த கோணல் பலரிடமும் உண்டு, அது நோயன்று.

பக்கவளைவு என்னும் பெயரே ஒருவகையில் மயக்கந் தருவதாகும். வளைவது பக்கமாக மட்டுமன்று. முள்ளென்புகள் சரியும்போதே தத்தம் அச்சில் திருகியும் விடுகின்றன. முறுக்கிய துணியைப் போல முள்ளந்தண்டு மூன்று திசைகளிலும் உருமாறுகின்றது. மார்பு முள்ளென்புகளோடு விலா என்புகள் இணைந்திருப்பதால், என்பு திருகும்போது வளைவின் புறப்பக்கத்து விலாக்கள் பின்னோக்கித் தள்ளப்பட்டு முதுகிற் புடைக்கின்றன. கண்ணுக்குக் கூன் போலத் தோன்றுவது இவ்விலாப் புடைப்பே. இத்திருகலைத் தெளிவாக விளக்கியவர் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் அடம்ஸ் என்னும் சத்திரவைத்தியர். தொன்மைக்கால விலங்கான இகுவானடோனை உலகுக்கு அறிவித்த கிடியன் மன்ரெல் என்னும் நிலநூலறிஞர் பல்லாண்டு முதுகுநோயால் வருந்தி 1852இல் மறைந்தார். உயிரோடிருந்தபோது வெளித்தோற்றத்தில் அவரது முள்ளந்தண்டின் கோணல் பெரிதாகப் புலப்படவில்லை. இறந்தபின் உடலை அறுத்து நோக்கியபோது என்புகள் கடுமையாகத் திருகியிருப்பது தெரிந்தது. நேராக நிற்கும் முதுகு மறைப்பதைக் குனியும் முதுகு காட்டிவிடும் என்னும் உண்மையை அடம்ஸ் 1865ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். இன்றும் உலகெங்கும் கையாளப்படும் குனிதற் சோதனை அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இனி, காரணம் யாது? சிலரில் அதனைத் திட்டமாகக் கூறலாம். கருவிலே முள்ளென்புகள் உருவாகும் முதற் சில வாரங்களில் ஓர் என்பு பாதியாகவே அமைந்துவிடின், குழந்தை பிறவியிலேயே வளைவுடையதாகும். அத்தகைய குழந்தைகளின் இருதயத்தையும் சிறுநீரகங்களையும் கூடச் சோதிப்பது வைத்தியரின் கடமை, ஏனெனில் அவையும் அக்காலத்திலேயே உருவாகின்றன. மூளை வாதத்தாலோ தசைச் சிதைவு நோய்களாலோ உடலைத் தாங்கும் தசைகள் சோர்ந்தவரிடத்தும் தண்டு சரியும். இளம்பிள்ளை வாதம் பரவிய காலத்தில் இவ்வகை வளைவு மிகுதியாக இருந்தது. இலங்கையில் அந்நோயின் இறுதி நோயாளி 1993இற் காணப்பட்டமையால் அக்காரணம் இங்கு பெரிதும் ஒழிந்துவிட்டது. முதியோரிடத்துத் தட்டுக்களும் மூட்டுக்களும் தேய்வதாலும் வளைவு ஏற்படும்.

ஆயினும் இவை யாவும் சிறுபான்மையே. பத்துப் பேரில் ஏறத்தாழ எண்மரிடம் எக்காரணமும் காணப்படுவதில்லை. முன்னர் நலமாயிருந்த பிள்ளை, வளர்ச்சி விரையும் பருவத்தில், நோவோ காய்ச்சலோ இன்றி மெல்ல வளைகின்றது. வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இருவர் அல்லது மூவரிடம் 10 பாகைக்கு மேற்பட்ட வளைவு உண்டு. சிறு வளைவுகள் ஆண் பெண் இருபாலாரிடத்தும் ஏறக்குறைய ஒத்த அளவிற் காணப்படினும், 30 பாகையைக் கடந்த வளைவுகள் பெண்பிள்ளைகளிடமே பன்மடங்கு மிகுதி. ஏன் இவ்வாறு என்பதற்கு முடிந்த விடை இன்னும் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றொருவருக்கு வரும் வாய்ப்பு மிகும். உருவொத்த இரட்டையரில் இருவருக்கும் ஒருங்கே அமைதல் ஏனைய இரட்டையரிலும் பார்க்க அதிகம். ஆதலின் மரபின் பங்கு மறுக்கற்பாலதன்று. ஆனால் ஒரே ஒரு மரபணுவைச் சுட்டி 'இதுவே காரணம்' எனக் கூற முடியாது. பல சேர்ந்தே செயற்படுகின்றன.

காரணம் தெரியாத இடத்திற் பழி புகுந்துவிடுவது உலக வழக்கு. இந்நோயின் வரலாற்றிலும் அதுவே நிகழ்ந்தது. பிரான்சு நாட்டு வைத்தியரான நிக்கலஸ் அந்திரி 1741ஆம் ஆண்டில், தமது முதிர்ந்த வயதில், பிள்ளைகளின் உடற்கோணல்களைத் தடுப்பதும் திருத்துவதும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'நேர்', 'பிள்ளை' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அந்நூலுக்கு அவர் இட்ட பெயரே இன்று என்புச் சத்திரவைத்தியத் துறை முழுவதற்கும் உரிய பெயராகிவிட்டது. கோணலாக வளர்ந்த ஓர் இளமரத்தை நேரான ஒரு கம்போடு கயிற்றாற் பிணைத்திருக்கும் படமொன்று அந்நூலில் உண்டு. உலகெங்குமுள்ள என்புச் சத்திரவைத்தியர் சங்கங்கள் பலவற்றின் சின்னமாக அம்மரம் இன்றும் விளங்குகின்றது. அழகிய உவமை, ஆயினும் அதனோடு ஒரு தவறான கருத்தும் நிலைபெற்றுவிட்டது. பிள்ளை ஒழுங்காக அமராமையாலும், பொருத்தமற்ற மேசை நாற்காலிகளாலும், பெற்றோரின் கவனக் குறைவாலும் முதுகு வளைகின்றது என்பதே அக்கருத்து.

இன்றும் அது மறையவில்லை. கனத்த புத்தகப் பையை ஒரே தோளிற் சுமப்பதும், மேசையிற் சரிந்திருந்து எழுதுவதும், ஒருக்களித்து உறங்குவதும், கையிலுள்ள தொலைபேசியை ஓயாது குனிந்து நோக்குவதும் காரணமாகக் கூறப்படுகின்றன. இவற்றாற் கழுத்தும் முதுகும் நோகலாம்; பையின் பாரத்தைக் குறைப்பதும் நன்றே. ஆனால் இவை எவையும் முள்ளென்புகளைத் திருகச் செய்து பக்கவளைவை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. 'நிமிர்ந்து நில்' என்று நாள்தோறும் அதட்டப்படும் பிள்ளை, தன்னால் இயலாத ஒன்றைச் செய்யாமைக்காகவே கண்டிக்கப்படுகின்றது. இதனால் விளையும் தீங்கு இரண்டு. பிள்ளை நாணி, தளர்ந்த உடையால் முதுகை மறைக்கக் கற்றுக்கொள்கின்றது. வீட்டாரோ அதட்டலே மருந்தென எண்ணி, வைத்தியரை நாட வேண்டிய மாதங்களை வீணே கழித்துவிடுகின்றனர். அம்மாதங்களின் அருமை பின்னர்ப் புலப்படும்.

நோவின்றி வருவதால் இந்நோயைக் கண்களே கண்டுகொள்ளல் வேண்டும். ஒரு தோள் மற்றதிலும் உயர்ந்திருத்தல், ஒரு தோட்பட்டை புடைத்து நிற்றல், இடையின் இரு பக்கக் குழிவுகளும் ஒவ்வாதிருத்தல், தொங்கும் கைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட வெளி ஒருபுறம் அகன்றிருத்தல், சட்டையின் கீழ்விளிம்பு சரிந்து தொங்குதல் என்பன அறிகுறிகள். பாடசாலைச் சட்டைக்கு அளவெடுக்கும் தையற்காரர், தலை பின்னிவிடும் பாட்டி ஆகியோரே பல வேளைகளில் இவற்றை முதலிற் காண்கின்றனர். குனிதற் சோதனையோ மிக எளிது. பிள்ளை பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடியாது நின்று, இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று பொருத்திக் கைகளைத் தொங்கவிட்டு, இடுப்பிலிருந்து முன்னோக்கிக் குனிதல் வேண்டும். பின்னால் இருப்பவர் தமது கண்ணை அம்முதுகின் மட்டத்துக்குத் தாழ்த்தி, அடிவானத்தை நோக்குவது போல நோக்க வேண்டும். ஒருபுறம் மற்றதிலும் உயர்ந்து தோன்றுமாயின் அப்பிள்ளையை வைத்தியரிடம் காட்டுவதே முறை. அரை நிமிடமும் செல்லாத இச்சோதனைக்கு எக்கருவியும் வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளைப் பெண்ணொருவரே, பிறர் காணாத இடத்திற் சோதித்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

வைத்தியர் நிற்கும் நிலையில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பிப்பர். அப்படத்தில் வளைவின் மேலெல்லையில் மிகவும் சரிந்த முள்ளென்பின் மேல்விளிம்பினையும், கீழெல்லையில் மிகவும் சரிந்த முள்ளென்பின் கீழ்விளிம்பினையும் ஒட்டி இரு கோடுகள் வரையப்படும். அக்கோடுகள் சந்திக்கும் கோணமே வளைவின் அளவு. நியூ யோர்க் நகர வைத்தியரான ஜோன் கொப் 1948இல் விளக்கிய இம்முறை 'கொப் கோணம்' எனப்படும். ஒரே படத்தை இருவர் அளப்பினும் ஏறக்குறைய 5 பாகை வேறுபாடு நேரலாம். ஆதலின் முந்திய அளவிலும் 2 பாகை கூடிற்றெனக் கலங்குவதும், 2 பாகை குறைந்ததெனக் களிப்பதும் பொருளற்றவை. வளரும் பருவத்தில் அடிக்கடி எக்ஸ்-கதிர் பட்ட பெண்களிடம் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் சிறிது மிகுந்திருந்தமை ஆய்வுகளால் அறியப்பட்டதன் பின், கதிரை முதுகுப்புறமிருந்து செலுத்துவதும், படங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் வழக்கமாயின. வளைவு மார்பில் இடப்புறம் நோக்கியிருப்பினும், நோவு மிகுந்திருப்பினும், கால்களில் சோர்வு காணப்படினும், முண்ணாணில் வேறு நோயுண்டோ என அறிய எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கப்படும்.

கோணம் ஒன்றை மட்டும் கொண்டு சிகிச்சையைத் தீர்மானித்தல் இயலாது. அதனினும் முதன்மையானது, பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி எஞ்சியுள்ளது என்னும் வினா. வளைவு வளர்வது உடல் வளரும்போதே. பெண்பிள்ளைகளின் உயரம் மிக விரைவாகக் கூடுவது பூப்பெய்துவதற்குச் சற்று முன்னராகும். ஆண்பிள்ளைகளிடம் அப்பருவம் ஏறக்குறைய இரண்டாண்டு பிந்தும். இடுப்பென்பின் மேல்விளிம்பிலுள்ள குருத்தென்பு படிப்படியாக என்பாக மாறுவதைக் கொண்டு எஞ்சிய வளர்ச்சியை மதிப்பிடும் முறையை றிசர் என்னும் அமெரிக்க வைத்தியர் 1958இல் வகுத்தார். இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 20 முதல் 29 பாகை வரையான வளைவுடையோருள் வளர்ச்சி பெரிதும் எஞ்சியிருந்தவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு வளைவு மிகுந்தது. வளர்ச்சி முடிவை அணுகியவர்களிலோ நூற்றுக்கு 23 பேருக்கு மட்டுமே மிகுந்தது. ஒரே கோணம், இருவேறு வருங்காலம். பதினொரு வயதில் 25 பாகையுடன் வரும் சிறுமிக்குச் செய்யத்தக்க உதவி, அதே சிறுமி பதினாறு வயதில் 55 பாகையுடன் வரும்போது கைநழுவிப் போய்விடுகின்றது.

இவ்வுண்மையை முன்னோருள்ளும் சிலர் உணர்ந்திருந்தனர். ஹிப்போக்கிறற்றீஸ் காலத்துக் கிரேக்கத்தில், வளைந்த முதுகுடையவரை ஓர் ஏணியிலே கட்டி, உயர்த்தி, நிலத்தில் மோதும்படி விடும் ஒரு வழக்கம் இருந்தது. அம்முறையால் எவரும் நிமிரக் கண்டதில்லை என்றும், மக்களை வாய்பிளக்கச் செய்ய விரும்புவோரே அதனை நாடினர் என்றும் ஹிப்போக்கிறற்றீஸ் பெயரால் வழங்கும் நூல் இகழ்ந்துரைக்கின்றது. பதினாறாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு மன்னரின் சத்திரவைத்தியராயிருந்த அம்புறுவாஸ் பரே, போர்க்கவசம் செய்யும் கொல்லரைக் கொண்டு, பாரம் குறையத் துளைகளிட்ட இரும்புக் கச்சைகள் செய்வித்தார். வளரும் பிள்ளைக்கு அக்கச்சையைச் சில மாதங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும் என்றும், வளர்ச்சி முடிந்தோர்க்கு அதனாற் பயனில்லை என்றும் அவர் அறிந்திருந்தார். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கூறப்பட்டது இது.

இற்றைச் சிகிச்சை மூவகைப்படும். வளரும் பிள்ளையிடத்து வளைவு 25 பாகைக்குக் குறைந்திருப்பின், நான்கு முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பார்வையிட்டு வருதலே போதும். இதனைச் சிகிச்சையின்மை எனப் பெற்றோர் பலர் கருதுவர். உண்மையில், தவணை தவறாது செல்வதே இந்நிலைக்குரிய சிகிச்சை. வளைவு 25க்கும் 45க்கும் இடைப்பட்டு, வளர்ச்சியும் எஞ்சியிருப்பின், தாங்குகச்சை அணிவிக்கப்படும். இதன் நோக்கம் வளைந்ததை நேராக்குவதன்று, மேலும் வளையாது தடுப்பது. 1940களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அமைக்கப்பட்ட கச்சை, இடுப்பிலிருந்து மோவாய் வரை உயர்ந்த உலோகச் சட்டங்களையுடையது. 1970கள் முதல், அக்குளின் கீழேயே அடங்குவதும் ஆடையினுள் மறைவதுமான பிளாஸ்ரிக் கச்சைகள் வழக்கில் வந்தன.

கச்சையாற் பயனுண்டோ என்பது நெடுங்காலம் விவாதத்துக்குரியதாகவே இருந்தது. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும், 10 முதல் 15 வயது வரையான, 20 முதல் 40 பாகை வளைவுடைய பிள்ளைகளிடத்து நடத்தப்பட்ட பேராய்வொன்றின் முடிவு 2013இல் வெளியாகி அவ்விவாதத்தைப் பெரிதும் தீர்த்துவைத்தது. கச்சை அணிந்தோரில் நூற்றுக்கு 72 பேர், வளைவு 50 பாகையை எட்டாமலே வளர்ச்சியை நிறைவுசெய்தனர். அணியாதோரில் அவ்வாறு தப்பியவர் நூற்றுக்கு 48 பேர். பயன் தெளிவாகத் தெரிந்தமையால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. கச்சையினுள் வெப்பத்தை உணரும் சிறு கருவி வைத்து, உண்மையில் அணிந்த நேரமும் அளக்கப்பட்டது; நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 மணித்தியாலத்துக்கு மேல் அணிந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் பயன்பெற்றனர். கச்சையே அணியாதோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தப்பியமையும் நோக்கற்பாலது: கச்சை அணியும் பிள்ளைகளுட் சிலருக்கு அது வேண்டப்படாததாகவே இருக்கலாம். அவர் யாவர் என முன்கூட்டி அறியும் வழி இன்னும் வாய்க்கவில்லை.

எண்கள் இவ்வாறு தெளிவாயிருப்பினும், பதின்மூன்று வயதுச் சிறுமியொருத்தி வெப்பம் மிகுந்த நாட்டில் நாளில் முக்காற் பங்கு நேரம் இறுக்கமான பிளாஸ்ரிக்கினுள் இருப்பது எளிதன்று. உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை அணிதல், வியர்வையால் தோல் புண்படாது பார்த்தல், விளையாட்டுக்கும் நீராடலுக்கும் கச்சையைக் கழற்ற விடுதல் என்பன சிறு காரியங்களாகத் தோன்றினும், கச்சை அணியப்படுமா அலுமாரியிற் கிடக்குமா என்பதை அவையே தீர்மானிக்கின்றன. வகுப்பாசிரியரின் பங்கும் சிறிதன்று. நாற்காலியிற் சற்று நிமிர்ந்தே இருக்க நேரும் பிள்ளையைப் பிறர் நகையாடாது காப்பதும், குனிந்தெடுக்க வேண்டிய வேலைகளில் விலக்களிப்பதும் அவர் கையில் உள்ளன.

உடற்பயிற்சி பற்றியும் கூறுதல் வேண்டும். ஜேர்மனியைச் சேர்ந்த கதறீனா சுறொத் தாமே இவ்வளைவுடையவர். இளமையில் உருக்குக் கச்சை அணிந்து வருந்தியவர். கண்ணாடி முன் நின்று, வளைவின் உட்குழிந்த பக்கத்துள் மூச்சைச் செலுத்தி நிமிரும் ஒரு பயிற்சிமுறையைத் தம் உடலிலேயே கண்டறிந்து, 1921 முதற் பிறர்க்கும் கற்பித்தார். பயிற்றப்பட்டோர் மேற்பார்வையிற் செய்யப்படும் இத்தகைய பயிற்சிகள் நிற்கும் தோற்றத்தையும் தசைவலுவையும் மேம்படுத்துகின்றன. சிறு வளைவுகளிற் கச்சைக்குத் துணையாகவும் அமைகின்றன. கச்சைக்கு ஈடாக அவற்றைக் கொள்வதற்குப் போதிய சான்று இல்லை. எண்ணெய் தேய்த்து நீவுவதால் தசைப்பிடிப்பும் நோவும் தணியலாம். ஆனால் திருகிய என்பினை நீவி நேராக்க முடியாது. 'ஒரு மண்டலத்தில் நிமிர்த்துவேன்' எனக் கூறுவோரிடம் செலவாவது பணம் மட்டுமன்று.

வளைவு 45 அல்லது 50 பாகையைக் கடந்துவிடின் சத்திரசிகிச்சை ஆராயப்படும். வளர்ச்சி நின்ற பின்னரும், 50 பாகைக்கு மேற்பட்ட மார்பு வளைவு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை மிகுந்து செல்வதே இதற்குக் காரணம். நியூ யோர்க்கில் றசல் ஹிப்ஸ் 1911இல், காசநோயால் அழிந்த முள்ளென்புகளை ஒன்றோடொன்று பொருந்தி வளரச் செய்யும் முறையை வெளியிட்டுப் பின்னர்ப் பக்கவளைவுக்கும் அதனைக் கையாண்டார். அக்காலத்து நோயாளர் பல மாதங்கள் சாந்துக் கட்டினுள் படுக்கையிற் கிடந்தனர். இளம்பிள்ளை வாதத்தால் முதுகு சரிந்த சிறுவர் பலரை ஹூஸ்ரன் நகரிற் கண்ட போல் ஹரிங்ரன், உருக்குக் கோலையும் கொளுக்கிகளையும் உள்ளே பொருத்தி முள்ளந்தண்டை நீட்டும் முறையை அமைத்து, 1962இல் அதன் பயனை வெளியிட்டார். அது பெரும் முன்னேற்றம். ஆயினும் நீட்டுவதன்றித் திருகலை மாற்ற அதனால் இயலவில்லை. இடுப்பின் இயல்பான உட்குழிவும் சிலரில் தட்டையாயிற்று. 1980களில் பிரான்சு நாட்டுக் கொத்திறலும் டுபூசேயும் இரு கோல்களைப் பல இடங்களிற் பிணைத்துத் திருகலையும் மாற்ற வழி கண்டனர். இன்று பெரும்பாலும் ஒவ்வொரு முள்ளென்பினுள்ளும் திருகாணிகள் செலுத்தப்பட்டு அவற்றோடு கோல்கள் பொருத்தப்படுகின்றன.

முண்ணாணுக்கு ஊறு நேருமோ என்பதே பெற்றோரின் பேரச்சம். 1970களில், சத்திரசிகிச்சையின் நடுவே நோயாளியை மயக்கத்தினின்றும் சிறிது எழுப்பி, 'பாதத்தை அசை' எனக் கூறி, அசைவதைக் கண்ட பின்னர் மீண்டும் உறங்கச் செய்யும் வழக்கம் தோன்றியது. இக்காலத்தில் மூளைக்கும் கால்களுக்கும் இடையே செல்லும் மின்துடிப்புக்களை வேலை முடியும்வரை கருவிகள் கண்காணிக்கின்றன. காரணமறியாப் பருவ வளைவுக்கான சத்திரசிகிச்சையில் நரம்பூறு நேர்வது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. பொருத்தப்பட்ட பகுதி பின்னர் வளையாது என்பதும், முள்ளந்தண்டு பெரிதும் நிமிரினும் முற்றாக நேராவது அரிது என்பதும் முன்னரே அறிந்திருக்க வேண்டியவை. பிள்ளை இரண்டொரு நாளில் எழுந்து நடக்கும். சில வாரங்களிற் பாடசாலை செல்லும். மிக இளங்குழந்தைகளுக்கோ தண்டை இப்போதே பொருத்திவிடின் மார்பும் நுரையீரலும் வளர இடமின்றிப் போகும். அவர்க்குத் தொடர் சாந்துக் கட்டுகளும், வளர வளர நீட்டத்தக்க கோல்களும் உண்டு.

பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சோதிப்பதா என்பதில் அறிஞர் ஒருமித்திலர். ஹொங்கொங்கில் 1995 முதல் அது நடைபெற்று வருகின்றது. அமெரிக்காவில் நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழுவொன்று 2004இல், வீண் அச்சத்தையும் வேண்டாத கதிர்ப்படங்களையும் காட்டி, அதற்கு எதிராகப் பரிந்துரைத்தது. கச்சையின் பயன் நிறுவப்பட்ட பின், 2018இல், சாதகமாகவோ பாதகமாகவோ கூறப் போதிய சான்றில்லை எனத் தன் கருத்தைத் தளர்த்தியது. எல்லாரையும் சோதிக்கும் ஒழுங்கு இல்லாத இடத்தில், பத்து முதற் பதினான்கு வயது வரையான பிள்ளைகளின் தோள்களை உடற்பயிற்சி ஆசிரியரும் தாய்மாரும் ஆண்டிற்கு இருமுறை நோக்குவதற்கு எக்குழுவின் பரிந்துரையும் வேண்டியதில்லை.

சிகிச்சை பெறாதோரின் பிற்கால வாழ்வு குறித்தும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் அயோவாவில், சிகிச்சை பெறாத நோயாளர் ஏறத்தாழ 50 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கப்பட்டு, முடிவு 2003இல் வெளியிடப்பட்டது. மற்றையோரிலும் அவர்களுக்கு முதுகுநோவு கூடுதலாக இருந்தது. பெரிய மார்பு வளைவுடையோர்க்கு மூச்சிளைப்பும் இருந்தது. தோற்றம் பற்றிய மனக்குறையும் பலர்க்கு இருந்தது. ஆனால் பெரும்பாலோர் தொழில் செய்தும், மணஞ் செய்து மக்களைப் பெற்றும், முதுமை எய்தியும் வாழ்ந்தனர். 30 பாகைக்குட்பட்ட வளைவோடு வளர்ச்சி முடித்தோர்க்கு அது பின்னர் மிகுவது அரிது. அவர்கள் நீந்தலாம், ஓடலாம், பாரம் தூக்கலாம். 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் நூறு மீற்றர் ஓட்டத்தில் முதலிடம் பெற்ற யமேக்க வீரர் உசேன் போல்ட், தமக்கு முள்ளந்தண்டின் பக்கவளைவு உண்டென்பதைத் தமது வாழ்க்கை வரலாற்றில் வெளிப்படையாகவே கூறியுள்ளார். இடுப்பையும் முதுகையும் வலுப்படுத்தும் பயிற்சிகளை ஓட்டப் பயிற்சியோடு சேர்த்து அவர் ஆண்டு முழுவதும் செய்துவந்தார்.